நாலு சக்கரப் பைக்குக்கு ஒரு குறடு

கொடைக்கானல் டவுனில் ஒரு விடுதிக்காரர், வருகிற சுற்றுலாக்காரர்கள் ஓட்டி மகிழட்டும் என்று நாலு சக்கரப் பைக்குகள் சிலவற்றை வாங்கிப் போட்டிருந்தார். பைக் மாதிரி ஹேண்டில்பார், டிராக்டர் மாதிரி டயர், விலை மட்டும் கார் மாதிரி. தேனிலவுக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளை, பெண்டாட்டிக்கு வீரத்தைக் காட்டுகிறேன் என்று அதில் ஒன்றைக் கொண்டுபோய் விடுதியின் சமையல்கட்டுச் சுவரில் சாத்திவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுதிக்காரருக்குத்தான் வீரம் போய்விட்டது. எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சுவரில் மோதியதை வாங்கிய புத்திசாலி நான். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும்.

எங்களுக்குக் கொடைக்கானல் மேல்மலையில், கவுஞ்சி என்கிற ஊரில் பூண்டுக் காடு. வீடும் காடும் மேலே, தார் ரோடு கீழே. நடுவில் இருப்பதைப் பாதை என்று சொன்னால் பாதைகளுக்கே கோபம் வரும். அந்தச் சரிவில் ஊர்ச் சுமை முழுவதையும் இறக்கியது என் மனைவியின் அண்ணனுடைய மட்டக்குதிரைகள்தான். மச்சான் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் நேர் எதிர்ச் சரிவு. குதிரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார். கருவிகளைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். அதுவரை எங்களுக்குள் பெரிய சண்டை வராததற்குக் காரணம், நாங்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டதே இல்லை.

பைக் வந்த அன்று டீக்கடை வாசலில் அதை நிறுத்திவிட்டு, ஊர் கூடி நிற்கும்போது, என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது. "மச்சான், இனிமே குதிரைகளுக்கெல்லாம் பென்சனுக்கு எழுதிப் போட்டுற வேண்டியதுதான்" என்றேன். ஊர் சிரித்தது. மச்சான் பாதி குடித்த டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது.

எனக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. என் மனைவிக்குத்தான் எல்லா நட்டமும். தாய் தகப்பன் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வீடு. அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது எதிர்ச் சரிவில் புகை எழுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு சட்டம் உண்டு. பேச்சு நின்ற வீட்டுக்கு முதலில் போகிறவர் தோற்றவர். ஆனால் ஒரு சோலிக்காகப் போனால் அது தோல்வியில் சேராது. விதை கேட்டுப் போகலாம், கடப்பாரை கேட்டுப் போகலாம், ஏணி கேட்டுப் போகலாம். சோலி முடிகிற வரை அங்கே உட்காரலாம், சாப்பிடலாம், ஊர்க்கதை பேசலாம். சோலி முடிந்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் மானம் போய்விடும். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் இப்படிக் கடப்பாரையைக் கொடுத்து வாங்கியே உறவை ஓட்டிக்கொண்டிருந்தன.

இதில் என் மனைவிக்கு ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் இல்லாத சாமான் என்று ஒன்றுமே கிடையாது. கடப்பாரை இரண்டு, ஏணி இரண்டு, மருந்தடிக்கிற மெஷின், பைப் திருகுகிற ஸ்பேனர், எதற்கு என்றே தெரியாத ஸ்பேனர் என்று எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தேன். யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பது என் கொள்கை. அவளுக்கு அண்ணன் வீட்டுக்குப் போக ஒரு சாக்குக்கூட மிச்சம் வைக்காத கொள்கை அது. உப்பு தீர்ந்துவிட்டதென்று ஒரு நாள் அவள் மெதுவாக இழுத்தபோது, நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டையே வாங்கி வந்து இறக்கினேன். அவள் அந்த மூட்டையைப் பார்த்த பார்வை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

இப்படியிருக்கும்போது ஆக்ஸில் பூட் கிழிந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸில் கம்பியில், மேலும் கீழும் ஆடுகிற இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டுக்குள் கிரீஸ். கிரீஸ் வெளியே வராமலும் சேறு உள்ளே போகாமலும் இருக்க, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதற்குப் பெயர் பூட். பாதையில் எவனோ வாட்டில் மரத்தை வெட்டி, அடிக்கட்டையைக் கூர்மையாக விட்டிருந்தான். அது அந்த ரப்பரைக் கிழித்தது. வீடு வந்து பார்த்தபோது, பின்னால் கட்டியிருந்த சாக்கெல்லாம் கருப்புக் கோலம். அப்படியே ஓட்டினால் சேறு உள்ளே போய் அந்த மூட்டு முழுவதையும் தின்றுவிடும். காயவைத்த பூண்டு பரணில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சனிக்கிழமை விடியற்காலை லாரி வரும், ஞாயிற்றுக்கிழமை வடுகபட்டிப் பூண்டுச் சந்தை. அதற்குள் ரப்பரை மாற்றியாக வேண்டும்.

டவுனுக்குப் போனேன். கார் மெக்கானிக் நான் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஹேண்டில்பார் இருக்குல்ல சார், அப்ப இது பைக். டூவீலர் ஆளுகிட்டக் காட்டுங்க" என்றார். டூவீலர் மெக்கானிக், "நாலு வீல் இருக்குதுங்களே, ஆக்ஸில் வேற இருக்கு. இது கார் கணக்குலதான் வரும்" என்றார். இரண்டு கடைக்கும் நடுவே நாலைந்து தடவை நடந்தேன். கடைசியில் கார் மெக்கானிக்குக்கு இரக்கம் வந்தது.

"ஃபுல் ஆக்ஸிலையே மாத்திரலாம் சார். ஆர்டர் போட்டா கப்பல்ல வரும்."

"எப்ப வரும்?"

"அது கப்பலப் பொறுத்து சார்."

வெறும் ரப்பரைக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். கூடவே அதை இறுக்குவதற்கு இரும்புப் பட்டை வளையங்களும் வந்தன. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு இடத்தில் பட்டை காது மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காதை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கினால் வளையம் இறுகும். அவ்வளவுதான் விஷயம். எதால் நசுக்குவது என்பதில்தான் என் வாரம் போனது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வெள்ளைக்காரன் ஒருவன் வீட்டிலேயே பூட் மாற்றுவது எப்படி என்று வரிசையாக எழுதியிருந்தான். சக்கரத்தைக் கழற்றவும். நட்டைக் கழற்றவும். ஆக்ஸிலை உருவவும். பழைய கிரீஸைத் துடைக்கவும். கண்ணாடி அணியவும், கையுறை அணியவும், அவசரப்படாமல் இருக்கவும். கடைசியில், வளையத்தை அதற்குரிய கருவியால் இறுக்கவும். உரிய கருவி இல்லாவிட்டால் என்ன செய்வது? உரிய கருவியை வாங்கவும். கருவியின் படம் இருந்தது. நேராக வந்து மோதுகிற இரண்டு தாடை, நீளக் கைப்பிடி. அதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் இங்க மூவிங் இல்ல சார். ஹீட்டர் இருக்கு, கீசர் இருக்கு, காட்டேஜுக்குப் போடுற ஃபேன்சி பூட்டு இருக்கு." ஒன்றும் வாங்காமல் போனால் மனம் கஷ்டப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு கருவி, எல்லாம் பளபளவென்று. "ஆல் இன் ஒன் சார். இதுல இல்லாதது உலகத்துல இல்ல." வாங்கிவிட்டேன். உலகத்தில் இருந்த எல்லாமே அதில் இருந்தது, படத்தில் இருந்ததைத் தவிர. அதிலிருந்த பெரிய சாக்கெட் ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் மிளகு நுணுக்க உதவுகிறது.

அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் பைக்கைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு வளையத்தோடு மல்லுக்கட்டினேன். நோஸ் பிளேயரால் பிடித்தால் வழுக்கியது. கட்டிங் பிளேயரால் பிடித்தால் காதே வெட்டுப்பட்டது. சுத்தியலால் தட்டினேன், வளையம் முட்டை வடிவமானது. மிச்சமிருந்த வளையங்களையும் கெடுக்காமல் எடுத்து வைத்துவிட்டு, கட்டுக்கம்பியால் முறுக்கிப் பார்த்தேன். போகிற வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொன்னவர்தான் அதிகம். எங்கள் ஊரில் கால் உடைந்தாலும் குழாய் உடைந்தாலும் சைக்கிள் டியூப்தான் மருந்து. கட்டி, ஆக்ஸிலை மாட்டி, மேட்டில் ஒரு தடவை ஏற்றி இறக்கினேன். கிரீஸ் என் முழங்கால்வரை வந்தது. டியூபைக் காணோம்.

"அண்ணன்கிட்டக் குதிர கேக்கலாமே" என்று என் மனைவி சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். குதிரை கேட்டுப் போனால் அது சோலி ஆகாது. பென்சன் கொடுத்த வாயாலேயே வேலைக்குக் கூப்பிடுவதற்குப் பெயர் வேறு.

வெள்ளிக்கிழமை வெள்ளனே அவள் துவைக்கிறதற்கு என் சட்டையை எடுத்தாள். பையில் இருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"என்னங்க, இதத் தேடியா டவுனுக்கும் வீட்டுக்கும் நடந்தீங்க?"

"ஆமா."

"இது எங்கண்ணே வீட்டுல கெடக்கே. லாடம் கழட்டுற கொறடு. பொங்கலுக்கு நாங்க அதுலதான் கரும்பு நசுக்கித் திம்போம்."

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். படத்தில் இருப்பது வெள்ளைக்காரன் கருவிதான். ஆனால் அவள் சொன்ன பிறகு எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் லாடக் குறடாகத்தான் தெரிந்தது. குதிரைக் குளம்பிலிருந்து பழைய லாடத்தை இழுக்க, நேராக மோதுகிற மொட்டைத் தாடை வேண்டும், நீளக் கைப்பிடி வேண்டும். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, அது அந்த வீட்டிலா இருக்க வேண்டும்?

"நான் போக மாட்டேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு? நான் போறேன். சோலிக்குத்தான போறேன்?"

சொல்லிக்கொண்டே தலை வாரினாள். சேலை மாற்றினாள். ஒரு குறடு வாங்கி வர எதற்குப் புதுச் சேலை என்று நான் கேட்கவில்லை. ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் அவள் ஏறிய வேகத்தில், பாதையில் கல் கிடக்கிறதா என்றுகூடப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகம் மட்டும் வெறுமையாக இல்லை. "இன்னைக்கு வெள்ளிக்கெழமையாம். வீட்டுச் சாமான வெளிய குடுக்க மாட்டாங்களாம். வண்டிய வேணா அங்க கொண்டாரச் சொல்லுச்சு அண்ணே."

வெள்ளி, செவ்வாயில் வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நானே அப்படிச் சொல்லி ஊரில் பலருக்குக் கடப்பாரை கொடுக்காமல் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை கொடுப்பார், ஆனால் லாரி அதற்குள் போய்விடும். அதனால் குறடு வண்டியிடம் வர முடியாது, வண்டிதான் குறடிடம் போக வேண்டும். ஆக்ஸிலை மறுபடி கழற்றிப் போட்டிருக்கிற வண்டி எப்படிப் போகும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஓடைப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. மச்சான் இரண்டு குதிரைகளோடும் ஒரு கயிற்றோடும் வந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்க்கவில்லை. பைக்கைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். "ஏலே, ஒழுங்கா கொள்ளு திங்கிறயா?" என்று பைக்கிடம் கேட்டார்.

ஆக்ஸிலையும் ரப்பரையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது. மச்சானுக்கு முதலிலேயே தோன்றியிருக்கும். சொல்லவில்லை. ஆக்ஸில் கழற்றிய பக்கத்துச் சக்கரத்தைச் சும்மா மாட்டிக்கொண்டு, முன்னால் கயிறு கட்டி, குதிரைகளைப் பூட்டினார். யாராவது ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டுமே? நான் ஏறி உட்கார்ந்தேன். ஓடைக்கு வண்டி போகிற வழி ஊருக்குள் சுற்றித்தான் போகும். டீக்கடை வாசலில் கூட்டம் எழுந்து நின்றது.

"என்னப்பா, மைலேஜ் எம்புட்டுக் குடுக்குது?" என்று கடைக்காரர் கேட்டார். நான் ரோட்டையே கவனமாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். என் பின்னால் புதுச் சேலையோடு நடந்து வந்த என் மனைவி, வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும், "அண்ணே வீட்டுக்கு. ஒரு சோலி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மச்சான் வீட்டு முற்றத்தில் குறடு சுவரில் ஆணியில் தொங்கியது. இரண்டு தடவை நசுக்கினால் முடிகிற வேலை, ஒரு பீடி பாதி எரிவதற்குள் நான் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் மச்சான் குறடை எடுத்து முதலில் கழுவினார். பிறகு எண்ணெய் போட்டார். பிறகு, தன் வீட்டுக்காரி டீ போட்டுவிட்டாள், குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார். டீ குடித்தோம். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார். காட்டினார். ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் வரலாற்றைச் சொன்னார். பிறகு வந்து, ஆக்ஸிலை மடியில் வைத்து, சின்ன வளையத்தின் காதைக் குறடால் கவ்வி ஒரே அழுத்து. கச்சென்று இறுகியது. ஒரு வாரமாக நான் பட்ட பாட்டுக்கு அந்தச் சத்தம் ரொம்பச் சின்னது.

பெரிய வளையத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பொறுங்க மாப்ள. ரப்பர் கொஞ்சம் ஒக்காரட்டும்."

"ரப்பர் எங்க ஒக்காரும்? அது ஒக்காந்துதான இருக்கு?"

"சாப்புட்டு வருவோம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பரணில் பூண்டு கிடக்கிறது, ஆக்ஸிலை மாட்ட வேண்டும், மூட்டை இறக்க வேண்டும், இவர் ரப்பரை உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார். உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்ட குழம்பை முறைத்துக்கொண்டே தின்றேன். சாப்பிட்டு முற்றத்துக்கு வந்த பிறகும் அவர் குறடைத் தொடவில்லை. தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார்.

வாயைத் திறக்கப் போனேன். அப்போது உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். அவளுடைய மதினி ஏதோ சொல்லியிருக்கிறாள். இவள் மூச்சு முட்டச் சிரித்து, நிறுத்தப் பார்த்து, முடியாமல் மறுபடி சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அது நின்றுபோனதுகூட எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மச்சான் கதவுப் பக்கம் திரும்பினார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் குறடு ஏன் தொடைக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைத்தது.

"ஆமா மச்சான்" என்றேன். "ரப்பர் இன்னும் சரியா ஒக்காரல."

"அதான் சொன்னேன்" என்றார். எனக்கும் ஒரு பீடியை நீட்டினார். கேட்காமலேயே குதிரைகளைப் பற்றிச் சொன்னார். முதல் தடவையாக நான் அதைக் காதில் வாங்கினேன். சுவாரஸ்யமாக ஒன்றும் இல்லை.

வெயில் எங்கள் வீட்டுப் பக்கத்துச் சரிவுக்குப் போன பிறகுதான் பெரிய வளையத்தை இறுக்கினார். ஆக்ஸிலை மாட்டினோம். பைக் ஒரே உதையில் கிளம்பியது. சோலி முடிந்தது. சத்தம் கேட்டதும் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மச்சான் மறுபடி வா என்று சொல்லவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் பைக்கைத்தான் பார்த்தார்கள். சட்டம் அப்படி.

இருட்டுவதற்குள் பூண்டு முழுவதையும் ரோட்டுக்கு இறக்கிவிட்டேன். ஒரு துளி கிரீஸ் வெளியே வரவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாசலில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"இந்த ரப்பரு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

"நல்ல சரக்கு. பட்டையும் கச்சிதமா ஒக்காந்திருச்சு. மூணு நாலு வருசத்துக்கு நீ கவலையே பட வேண்டாம்" என்றேன் பெருமையாக.

சொம்பிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"அம்புட்டு நாளா?" என்றாள்.

நான் கையை அவள் சேலைத் தலைப்பில் துடைத்தேன். அவள் எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே விளக்கு போட்டிருந்தார்கள்.

"கல்லு, முள்ளு பாக்காம ஏத்தி எறக்குனா வெரசாவே கிழிஞ்சிரும்" என்றேன். "நான் நாளைலருந்து அப்படித்தான் ஓட்டப் போறேன்."